வெறும் கேஸ்தான்

பதினெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டதாக இதுவரை யாரும் என் கடைப் படியேறிச் சண்டை போட்டதில்லை. எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் ஹம்சவேணி அக்கா படித்துவிடுவார் என்று பழங்காநத்தத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. அப்பேர்ப்பட்ட நான்தான் போன ஆவணியில் ஒரே ஒரு வார்த்தையை அஜாக்கிரதையாகக் கொடுத்து ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

அந்த வார்த்தை மேல் எனக்கு வெகுநாளாகவே கோபம். கேஸ். எங்கள் ஏரியாவில் கழுத்துக்குக் கீழே என்ன வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்தான். புளித்த ஏப்பம் வந்தால் கேஸ். நெஞ்சு எரிந்தால் கேஸ். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி ஆனால் கேஸ். தோள்பட்டை சுளுக்கிக்கொண்டு வருகிறவர்கூட, "கேஸ் பிடிச்சிருச்சுக்கா" என்பார். நான் சும்மா விடமாட்டேன். எரியுதா, உப்புதா, வலிக்குதா, சாப்பிட்ட பிறகா, சாப்பிடாதபோதா, எத்தனை நாளாக என்று குடைந்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவேன். "மாத்திரை ஒண்ணு, கேள்வி இருபது" என்று என் வீட்டுக்காரர் கிரிதரன் கேலி செய்வார். வீட்டில் சௌராஷ்டிரத்தில் கேலி, கடையில் தமிழில் கேலி. எனக்கு இரண்டு மொழியிலும் பதில் சொல்லத் தெரியும்.

அந்த இருபது கேள்விக்கும் அதிகம் ஆளானவன் பீமாராவ். கடைக்கு எதிர் மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தான். டவுன் பஸ் டிரைவர், முப்பத்தொரு வயது, அப்பா அம்மா திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். தங்கமான பிள்ளை. தெருவில் கிழவிகள் குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, ஹாரன்கூட அடிக்காமல் காத்திருக்கிற ரகம். ஆனால் தன் வயிற்றை அவன் நடத்துகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

விடியற்காலை நாலரைக்கு வெறும் வயிற்றில் டீ. அப்புறம் ஒவ்வொரு டிரிப் முடிவிலும் ஒரு டீ. மத்தியானச் சாப்பாட்டை எட்டு நிமிடத்தில் விழுங்குவான். மென்று சாப்பிடேன்டா என்றால், "டைம் கீப்பர் விசில் அடிச்சிருவாருக்கா" என்பான். டூட்டி முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு நாலு புரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு உள்ளே தள்ளிவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் படுத்துவிடுவான். அவன் படுத்தால் சால்னாவும் படுத்துக்கொள்ளுமா? அது தொண்டை வரைக்கும் ஏறி வரும். மறுநாள் காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு என் கடை முன்னால் நிற்பான்.

"இரைப்பைக்கு மேல ஒரு கதவு இருக்குப்பா. வயித்த முட்ட நிரப்பிட்டு உடனே படுத்தா அந்தக் கதவு எப்படி மூடும்?" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"சரிக்கா. இன்னைக்கு மட்டும் அந்த ரோஸ் கலர் மருந்த குடுங்க."

அந்த ஆவணிக்கு முந்தின வருடம் ஒருநாள் நெஞ்சு வலித்து, உடம்பெல்லாம் வேர்த்து, பக்கத்து அறைக்காரரோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவன் வாழ்க்கையில் வயிறு சம்பந்தமாகச் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். நெஞ்சு வலியை வாய்வு என்று தானே முடிவுகட்டிப் படுத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே போனவர்களை எனக்குத் தெரியும். அங்கே ஓர் இரவு வைத்திருந்து, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, வயிற்று அமிலம்தான், இரண்டு வாரம் கழித்து வயிற்று டாக்டரைப் பார் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்கிற பாதியை மட்டும் பீமாராவ் காதில் வாங்கிக்கொண்டான். மீதிப் பாதி அவன் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

இந்த லட்சணத்தில் அவனுக்குக் காதலும் வந்தது. பெண் பெயர் ஆர்த்திகா. ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள், அவன் பஸ்ஸில் வந்து போகிறவள். ஆறு மாதம் கண்ணாடியில் பார்த்தே காலத்தைக் கழித்தவன், ஏழாம் மாதம்தான் வாயைத் திறந்தான். அவள் அதற்கு, "வீட்ல வந்து கேளுங்க" என்றாளாம். போய்க் கேட்டார்கள். ஒரே சனம்தான், பெரியவர்களுக்கும் பிடித்துப்போனது. ஆவணி கடைசியில் நிச்சயம் செய்துவிடலாம் என்று பேச்சு. நடுவில் பாக்கி ஒரே ஒரு சடங்கு. அதுதான் விசாரிப்பு.

மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன தெரியும்? டீக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் மருந்துக்கடையிலும் கேட்டால்தான் தெரியும். பெண் வீட்டு ஆள் ஒருவர் ஏதோ வாங்க வந்த மாதிரி வந்து, போகிற போக்கில் விசாரிப்பார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நாமும் தெரியாத மாதிரி காட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

"அக்கா, யாராச்சும் வருவாங்க. நல்லவிதமா சொல்லுங்க" என்றான் பீமாராவ்.

"உள்ளத உள்ளபடி சொல்லுவேன். உன்னப் பத்தி உள்ளத சொன்னாலே போதும்" என்றேன். எவ்வளவு பெரிய மனுஷி மாதிரி சொன்னேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வந்தவர் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு தோல் பை. தொண்டைக்கு மிட்டாய் மாத்திரை கேட்டார். அவர் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒரு கையால் சீட்டு வாங்கி, மறு கையால் மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எதிர் மாடியில பஸ் டிரைவர் ஒருத்தர் இருக்காராமே, எப்படிங்க?" என்று ஆரம்பித்தார்.

"அருமையான பையன் சார். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, வாடகை ஒண்ணாந்தேதி கரெக்டா குடுத்துருவான். கேஸ் ஒண்ணுதான் இருக்கு. மத்தபடி ஒரு குறை சொல்ல முடியாது."

ஆமாம், நான்தான் சொன்னேன். பதினெட்டு வருடமாக யார் வாயில் வந்தாலும் நான் திருத்துகிற வார்த்தை, அன்றைக்குக் கூட்டத்தில் என் வாயிலிருந்தே விழுந்தது.

அவர் மிட்டாய் மாத்திரையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "கேஸா? எம்புட்டு நாளா?"

"அது ஆச்சு அஞ்சு வருசம். டிரைவர் வேலைக்கு வந்ததுலருந்தே இருக்கு."

"வண்டி ஓட்டுறதுனால வந்ததா?"

"பின்ன? டிரைவர்கள்ல பாதிப் பேருக்கு இருக்கும் சார். இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல."

"அப்ப எப்படிச் சமாளிக்கிறாரு?"

"அப்பப்ப நான்தான் எதையாவது குடுத்து அடக்கி வச்சிருக்கேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "ஆனா எத்தன நாளைக்குக் குடுத்துக்கிட்டே இருக்குறது? பெரிய ஆளாப் பாத்து ஒரேயடியா முடிச்சிருன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருந்திருக்காரா?"

"போன வருசம் ஒரு ராத்திரி உள்ள வச்சிருந்தாங்க. என்னமோ ஏதோன்னு பயந்துட்டாங்க. காலையில பாத்தா, வெறும் கேஸ்தான்னு விட்டுட்டாங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மாத்திரைக்குக் காசு கொடுத்தார், தோல் பையை எடுத்துக்கொண்டார், வாரேம்மா என்றுகூடச் சொல்லாமல் போனார். நல்லபடியாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு நான் அடுத்த சீட்டை வாங்கினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பீமாராவ் வந்தான். நெஞ்சைத் தடவவில்லை, மருந்து கேட்கவில்லை. கடைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"வேணாம்னுட்டாங்கக்கா."

"யாரு?"

"ஆர்த்திகா வீட்ல. காரணம் சொல்லல. அவ ஒரே ஒரு மெசேஜ் போட்டா. இம்புட்டுப் பெரிய விசயத்த எங்கிட்ட மறைச்சிருக்க வேண்டாம்னு. அதுக்கப்புறம் போன எடுக்கல. நான் என்னத்தக்கா மறைச்சேன்?"

சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அந்தப் பெண்ணை அவனுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தேன்.

"திங்கக்கிழம ஒருத்தர் வந்தாரு. ரெண்டு பேனா வச்சிருந்தாரு."

"அது அவ மாமா வெள்ளைத்துரை. என்ன கேட்டாரு?"

"உன்னப் பத்தித்தான். நான் நல்லாத்தான் சொன்னேன். தங்கமான பையன், கேஸ் ஒண்ணுதான் இருக்கு, அஞ்சு வருசமா..."

பீமாராவ் மெதுவாக நிமிர்ந்தான். "அக்கா. அவரு மேலூர்ல வக்கீல் குமாஸ்தா. பஸ், லாரி ஆக்சிடெண்ட் கேஸ் கட்டெல்லாம் அவருதான் பாக்குறாரு."

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தது. வண்டி ஓட்டியதால் வந்த கேஸ். கொடுத்து அடக்கி வைத்திருக்கிற கேஸ். ஓர் இரவு உள்ளே. பெரிய ஆளைப் பார்த்து முடிக்க வேண்டிய கேஸ். அந்த மனிதர் கணக்கில் இவன் யாரையோ பஸ்ஸில் அடித்துவிட்டு, மருந்துக்கடைக்காரி மூலம் போலீஸுக்குப் பணம் தள்ளிக்கொண்டிருக்கிறவன். உள்ளே கணக்கெழுதிக்கொண்டிருந்த கிரிதரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

"அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க வச்சிருக்க?" என்று பீமாராவிடம் கேட்டேன்.

"பெட்டியில இருக்கு."

"எடுத்துட்டு வா. நாளைக்கு நான் போறேன். நீ டூட்டிக்குப் போ. உன் கேஸ நான் பாத்துக்கிறேன்." அதைச் சொன்ன பிறகுதான் மறுபடியும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டது உறைத்தது. பீமாராவ் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைப் பூட்டினேன். என் மாமனார் காரியத்துக்குப் பிறகு வேலை நாளில் கடையைப் பூட்டியது அன்றைக்குத்தான். கிரிதரனோடு ஸ்கூட்டரில் ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். வழியெல்லாம் நான் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். 'கேஸ்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆர்த்திகாவின் அப்பா கருப்பு வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். ஒடிசலான மனிதர், உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது. அம்மா முருகம்மாள் பாய் போட்டு, தண்ணீர் கொடுத்து, "வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க தாயி" என்றார். சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன வீட்டில் இப்படி உபசரித்தால் சண்டையும் போட முடியாது. வெள்ளைத்துரை ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் பையில் இரண்டு பேனா. உள்ளறை வாசலில் ஒரு பெண் நின்றாள். கண் சிவந்திருந்தது. அவள்தான் ஆர்த்திகா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது அஜீரணத்த" என்று ஒரே மூச்சில் போட்டு உடைத்தேன். "நெஞ்செரிச்சல். ஏப்பம். வயித்துல இருக்கிற கேஸ். கோர்ட்டுல இருக்கிற கேஸ் இல்ல."

கருப்பு மச்சினரைப் பார்த்தார்.

வெள்ளைத்துரை அசைந்துகொடுக்கவில்லை. "அஞ்சு வருசமா குடுத்து அடக்குறேன்னீங்களே?"

"மருந்து குடுத்து."

"பெரிய ஆளப் பாத்து முடிக்கணும்னீங்க?"

"வயித்து டாக்டர."

"ஒரு ராத்திரி உள்ள இருந்தாருன்னீங்க?"

"ஆஸ்பத்திரிக்குள்ள."

"அதுக்கு ரிக்கார்டு இருக்கா?" என்று கை நீட்டினார். இந்தக் கேள்விக்காகத்தான் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்திப் படித்தார். பாதியில் அவர் மீசை துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. பிறகு அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

"மச்சான், கேஸ் தள்ளுபடி" என்றார். "ஐயோ, நான் அந்த மனுசன் மேல நாலு செக்‌ஷன் போட்டு வச்சிருந்தேனே."

வீடே சிரித்தது. முருகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏப்பத்துக்குப் போயா எம்மக மூணு நாளா சோறு திங்காமக் கெடந்தா" என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கிரிதரன் எனக்கு முன்னால் இலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்காதவள் ஆர்த்திகா மட்டும்தான். "மாமா, முழுசாப் படிச்சிட்டீங்களா?" என்றாள்.

வெள்ளைத்துரை மறுபடியும் கண்ணாடியை மாட்டினார். "கடைசியில ஒரு பாரா இருக்கு. முதுகுவலிக்காக அடிக்கடி வலி மாத்திரை எடுப்பதாக நோயாளி தெரிவித்தார். அதை நிறுத்தச் சொல்லப்பட்டது. வயிற்றுப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் வரவும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலி மாத்திரையா? என் கடையில் அவன் அதை வாங்கியதே இல்லை. வாங்கினால் நான் திட்டுவேன் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கேயோ வாங்கித் தின்றிருக்கிறான், அதுவும் வெறும் வயிற்றில், டீயோடு. புரோட்டா, டீ, படுக்கை என்று எல்லாவற்றையும் கேட்ட நான் முதுகு வலிக்கிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஐந்து வருடம் அவனுக்கு ரோஸ் கலர் மருந்து கொடுத்தவள் நான், அந்தச் சீட்டை ஒருமுறைகூடப் படித்ததில்லை, முந்தின நாள் கையில் வாங்கியபோதும் அப்படியே கவரில்தான் போட்டேன். அதைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீல் குமாஸ்தா வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. அதை அங்கேயே சொன்னேன்.

ஆர்த்திகா போனை எடுத்தாள். மணி பன்னிரண்டேகால். அவன் வண்டி ஸ்டாண்டில் நிற்கிற நேரம் அவளுக்கு மனப்பாடம் போலிருக்கிறது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனைப் பாயில் வைத்தாள்.

"ஆர்த்திகா? ஆர்த்திகா, நான் எதையும் மறைக்கல..."

"காலையிலருந்து என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"அப்புறம்?"

"இன்னொரு டீ."

"மாத்திரை?"

"ஒண்ணே ஒண்ணு. முதுகு ரொம்ப..." என்றவன் நிறுத்திக்கொண்டான். "உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிதானமாகப் பேசினாள். "எங்கப்பா ஊரான் வயல்ல கூலிக்கு நின்ன காலத்துல காலையில வெறும் டீதான். மத்தியானம் கஞ்சி வந்தாத்தான் உண்டு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு வரப்புல சுருண்டு படுத்திருப்பாரு. நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அவருக்குச் சோறு இல்லாம எரிஞ்சுச்சு. உங்களுக்கு என்ன குறை? இருக்கிற சோத்த உக்காந்து திங்க நேரமில்லையா?"

கருப்பு குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறாள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"நிச்சயம் இப்ப வேண்டாம்" என்றாள் ஆர்த்திகா. "நாளைக்கே டாக்டரப் பாருங்க. அவரு சொல்றத கேட்டு நடங்க. நான் சமைச்சுக் கட்டிக் குடுப்பேன்னு நெனைக்காதீங்க, உங்க வயித்த நீங்கதான் பாக்கணும். தையில உங்களுக்கு நல்லாயிருந்தா நிச்சயமும் கல்யாணமும் ஒண்ணா வச்சுக்கலாம். இல்லைன்னா எனக்கு வேண்டாம். ஒவ்வொரு நாளும் நீங்க திரும்பி வருவீங்களான்னு பயந்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

போனில் பீமாராவ் சரி என்றான். அந்தச் சரி எனக்குச் சொல்கிற சரி மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கடையிலிருந்தே பார்த்தேன். மறுநாளே வயிற்று டாக்டரிடம் போனான். குழாய் விட்டுப் பார்த்ததில் சின்னதாகப் புண் ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் பெரிதாகியிருக்கும் என்றார்களாம். வலி மாத்திரை அன்றோடு நின்றது. காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, எட்டு வாரம், ஒருநாள் விடாமல். மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, விழுங்கவே சிரமமாக இருந்தாலோ என்னிடம் வந்து நிற்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்று நானும் என் பங்குக்கு மிரட்டி வைத்தேன். முதுகுக்கு ஒரு மெத்தைத் துண்டும் தினம் பத்து நிமிடப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சாப்பாடுதான் பெரிய கூத்து. ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர் வாங்கினான். முதல் வாரம் அவன் வைத்த சாம்பாரை எனக்கும் கொடுத்தான், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை மணிக்கே ஸ்டாண்டில் உட்கார்ந்து முடித்தான். பதினொரு மணிக்குப் பசித்தால் ஓர் இட்லி, அதற்குப் பிறகு தெருவில் நடை. தெருநாய்கள் பழகி அவனோடேயே நடந்தன. படுத்தால் அமிலம் மேலே ஏறாதபடி கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல் வைத்தான். ஒன்பது டீ ஐந்தாகி, மூன்றாகி, இரண்டில் வந்து நின்றது. தீபாவளி அன்றைக்கு மட்டும் ஒரு நாள் சறுக்கினான். மட்டன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, மறுநாள் கடை முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நான் திட்டவில்லை. எந்த வயிறும் ஒருநாளில் கெடுவதில்லை, ஒருநாளில் சரியாவதும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவனே அதை ஆர்த்திகாவிடம் போன் போட்டு ஒப்புக்கொண்டான். மறைக்காமல் சொன்னதற்காக அவள் சந்தோஷப்பட்டாளாம்.

கார்த்திகை மாதம் ஒருநாள் வந்தான். வழக்கம்போல் என் கை ரோஸ் கலர் பாட்டில் பக்கம் போனது. "அது வேண்டாம்க்கா, பேஸ்ட் ஒண்ணு குடுங்க" என்றான். பல் தேய்க்கிற பேஸ்ட். எனக்கு அவ்வளவு சந்தோஷம் எந்த வியாபாரத்திலும் வந்ததில்லை.

தை பதினொன்றில் கல்யாணம், ஒத்தக்கடையில் ஒரு மண்டபத்தில். வெள்ளைத்துரை வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவங்கதான் எதிர்க்கட்சி சாட்சி" என்று அறிமுகம் செய்தார். மூன்று கறி வகை, அப்பளம், பாயசம் என்று சாப்பாட்டு ஹாலே மணத்தது. மதுரைக் கல்யாணப் பந்தி எப்படியிருக்கும் என்று தெரியும்தானே. சாப்பிடுகிறவர் ரசத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் அவர் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த மூச்சுக்காற்று கழுத்தில் பட்டால் யாராக இருந்தாலும் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவரிசையில் இலை போட்டார்கள். ஆர்த்திகா தன் அப்பாவை விடாமல் இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். பந்தி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் எதிர் வரிசையிலிருந்து பீமாராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நிதானமாகத்தான் சாப்பிட்டான். பின்னால் கூட்டம் சேரச் சேர அவன் கை வேகமெடுத்தது. யாரோ ஒருவர் அவன் நாற்காலி முதுகில் கை வைத்தார். அவ்வளவுதான், ஐந்து வருடத்துப் பழக்கம், எங்கோ டைம் கீப்பர் விசில் ஊதிவிட்ட மாதிரி சோற்றை உருட்டி வாயில் போட ஆரம்பித்தான்.

ஆர்த்திகா அவன் மணிக்கட்டில் இடது கையை வைத்தாள். "மெதுவாச் சாப்பிடுங்க" என்றாள். "இன்னைக்கு நமக்கு எங்கயும் போக வேண்டியதில்ல."

பீமாராவ் கையில் இருந்த கவளத்தை இலையில் வைத்தான். அவளைப் பார்த்தான். நாலரை மணியிலிருந்து பதினொரு மணிவரை ஊரையெல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவனிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அவன் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பக்கம் கருப்பு ஒரு பருக்கை சிந்தாமல், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வாயையும் மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகன் அவரைப் பார்த்து அதே வேகத்துக்கு வந்தான். வரிசையில் மற்ற எல்லோரும் சாப்பிட்டு முடித்து, மாப்பிள்ளை எழுந்தால்தானே நாம் எழலாம் என்று காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "நிக்கிறவங்க நில்லுங்கப்பா, மாப்ள சாப்பிடுறாரு" என்று வெள்ளைத்துரை அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மூன்று பேரும் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டு, அவர்கள் எழுகிறவரை உட்கார்ந்திருந்தேன்.